வேளாங்கண்ணி நடைப்பயணத்துக்கு எந்த பவர் பேங்க்? 20,000 என்று போட்டது ஒரு போனைக்கூட நிறைக்கவில்லை

வெண்ணாற்றங்கரை:

வணக்கம். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு வேளாங்கண்ணி போய்ச் சேரும்படி தஞ்சாவூரிலிருந்து நடக்கிறோம். அம்மா, நான், தெருக்காரர்கள் ஆறு பேர். அம்மாப்பேட்டை, நீடாமங்கலம், திருவாரூர், கீழ்வேளூர், நாகப்பட்டினம் வழி. இரவில் நடை, பகலில் மண்டபத்திலோ மரத்தடியிலோ படுக்கை. நான்கு இரவு ஆகும்.

போன வருடம் ஒரு திருவிழாக் கடையில் 600 ரூபாய்க்கு பவர் பேங்க் வாங்கினேன். மேலே 20,000 எம்ஏஎச் (பேட்டரி கொள்ளளவு) என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறது. என் போன் 5,000 எம்ஏஎச். காலியான போனைப் போட்டால் 60 சதவீதத்தோடு நின்றுவிடுகிறது.

அதைவிடப் பெரிய கவலை அம்மாவின் காது கருவி. அதன் சார்ஜ் பெட்டியைச் சொருகினால் அரை நிமிடம் விளக்கு எரிகிறது, பிறகு பவர் பேங்க் தானாக அணைந்துவிடுகிறது. போன வருடம் கொரடாச்சேரியைத் தாண்டி விடியற்காலையில் பின்னால் வந்த பஸ்ஸின் ஹாரன் அவருக்குக் கேட்கவே இல்லை. நான் கையைப் பிடித்து இழுத்தேன். இந்த முறை அப்படி நடக்க விடமாட்டேன். எதை வாங்குவது, சொல்லுங்கள்.

குடமுருட்டி:

தம்பி, முதலில் அதை மளிகைக் கடைத் தராசில் வைத்து எடை பாருங்கள். நான் பத்து வருடமாகப் போன் பழுது பார்க்கிறேன். அட்டையில் எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், எடையை ஏமாற்றுவது கடினம். உண்மையான 20,000 என்றால் சுமார் 350 கிராமாவது இருக்கும். 10,000 என்றால் 200 கிராமை ஒட்டி இருக்கும்.

வெண்ணாற்றங்கரை:

இப்போதுதான் பார்த்தேன் அண்ணா. 140 கிராம்.

குடமுருட்டி:

அப்படியானால் உள்ளே இரண்டு பேட்டரி செல்தான். ஒரு செல் 45 கிராம், ஏறத்தாழ 2,000 எம்ஏஎச். மொத்தம் நாலாயிரம், அதிலும் வீணாவது போக மூவாயிரம் சொச்சம்தான் போனுக்குப் போகும். உங்கள் போன் 60 சதவீதத்தில் நின்றதற்கும் இந்தக் கணக்குக்கும் சரியாகப் பொருந்துகிறது.

நல்ல நிறுவனத்துப் பொருளிலும் பெரிய எண்ணை அப்படியே நம்பாதீர்கள். செல்லின் மின்னழுத்தம் 3.7 வோல்ட், வெளியே வருவது 5 வோல்ட். 10,000 எம்ஏஎச் என்பது 37 வாட்-மணி. 5 வோல்ட்டுக்கு மாற்றினால் 7,400, சூடாகி வீணாவது போக 6,000 சொச்சம்தான் கைக்கு வரும். இதைத்தான் பின்பக்கம் பொடி எழுத்தில் ‘ரேட்டட் கெப்பாசிட்டி’ என்று போட்டிருப்பார்கள். அந்த எண்ணே இல்லாத பொருளைத் தொடாதீர்கள். உங்கள் போனை ஒரு 10,000 ஒன்றரை முறை நிறைக்கும், அவ்வளவுதான்.

அதே இடத்தில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் எந்த நிறுவனத்துக்குக் கொடுத்தது என்று வந்துவிடும். கடையில் நின்றபடியே பாருங்கள்.

அம்மாவின் பெட்டி விஷயம் பழுது அல்ல. காது கருவி இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. எதுவும் சொருகவில்லை என்று நினைத்து பவர் பேங்க் தூங்கிவிடுகிறது. பல நல்ல மாடல்களில் இதற்கென்று குறைமின் நிலை உண்டு. பொத்தானை இருமுறை அழுத்தினாலோ சில நொடிகள் பிடித்தாலோ வரும். சிலவற்றில் இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி அழுத்த வேண்டும். வாங்கப் போகும்போது அம்மாவின் பெட்டியைக் கையோடு கொண்டுபோய்ச் சொருகி, பத்து நிமிடம் நின்று பாருங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினால் வேறு கடை. அந்த வசதி இல்லாத பவர் பேங்க் என்றால், இன்னொரு துளையில் போனையும் சேர்த்துச் சொருகுங்கள். போன் நிறையும்வரை பெரும்பாலும் அணையாது.

வேதாரண்யம் அக்கா:

தம்பி, 20,000 ஒன்று வாங்காதே, 10,000 இரண்டு வாங்கு. பந்தலில் ஒரே ஒரு பிளக் இருக்கும், நாற்பது பேர் காத்திருப்பார்கள். ஒன்றைச் சார்ஜில் போட்டுவிட்டு இன்னொன்றை இடுப்பில் வைத்துக்கொள்ளலாம். நடக்கிறவருக்கு எடையும் பிரிந்துவிடும். 18 வாட் உள்வாங்கும் பவர் பேங்க் என்றால் பொருத்தமான சார்ஜரில் மூன்று நான்கு மணி நேரத்தில் நிறையும். பழைய 5 வாட் சார்ஜரை எடுத்துப் போனால் ஒரு பகல் முழுக்க அங்கேயே உட்கார வேண்டியதுதான்.

முதுகில் சோலார் பலகை ஒட்டியதை வாங்காதே. உள்ளங்கை அகலப் பலகை ஒன்று இரண்டு வாட்தான் தரும். வெயிலில் காயவைத்தால் பேட்டரிதான் கெடும். 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறியபின் எங்கள் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்போது என் தம்பி வைத்திருந்த சோலார் பவர் பேங்க் ஒரு பகல் முழுக்கக் கூரையில் கிடந்து, சாயங்காலம் பதினைந்து நிமிடப் பேச்சுக்குத்தான் ஆனது. சிங்கப்பூரிலிருந்த அவன் மனைவி அந்த அழைப்பில்தான் நாங்கள் உயிரோடு இருப்பதைத் தெரிந்துகொண்டாள். அன்றிலிருந்து என் வீட்டில் ஒரு பவர் பேங்க் பாதிக்கு மேல் நிறைந்தே இருக்கும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏற்றிவைப்பேன்.

மழைக்கு ஜிப் பை ஒன்று போதும். ஆனால் சார்ஜ் ஏறும்போது பைக்குள்ளோ துணி மூட்டைக்குள்ளோ வைக்காதே, சூடு வெளியேற வேண்டும்.

வெண்ணாற்றங்கரை:

நன்றி அக்கா, நன்றி அண்ணா. நேற்று தஞ்சாவூரில் இரண்டு 10,000 வாங்கிவிட்டேன். ஒவ்வொன்றும் 210 கிராம், ரேட்டட் 6,000 என்று இருக்கிறது, பதிவு எண்ணும் செயலியில் வந்தது. முதல் கடையில் பெட்டியைச் சொருகிப் பார்க்க விடவில்லை, இரண்டாவது கடையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பொத்தானை இருமுறை அழுத்தியதும் சின்னப் பச்சை விளக்கு வந்தது. அம்மா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் ஆகியும் அணையவில்லை.

பழையது லேசாக உப்பியிருக்கிறது. என்ன செய்ய?

குடமுருட்டி:

இனி அதைச் சார்ஜில் போடவே போடாதீர்கள், குத்தியோ பிரித்தோ பார்க்காதீர்கள். குப்பையிலும் வாய்க்காலிலும் வீசவும் கூடாது. ஒரு மண்சட்டியில் மணல் போட்டு, அதில் வைத்து வீட்டுக்கு வெளியே நிழலில் வைத்திருங்கள். மின்கழிவு வாங்குமிடத்தில் ‘உப்பிய பேட்டரி’ என்று சொல்லியே கொடுங்கள்.