இடுப்புப் பிடிப்பு: எந்தச் சதை, எப்படி இளக்குவது? பார்த்ததைப் பகிருங்கள்

பிசியோ, ஈரோடு

எட்டு மணி நேரம் நாற்காலியில் இருப்பவர்கள், லாரி ஓட்டுபவர்கள் பலரிடம் முதலில் சிக்குவது ஸோவாஸ். இடுப்பு முள்ளெலும்புகளின் பக்கவாட்டில் தொடங்கி, தொடை எலும்பின் உள்பக்கத்தில் போய் ஒட்டும் சதை இது. உட்கார்ந்தே இருந்தால் சுருங்கிய நிலைக்கே பழகிவிடும். எழுந்து நிற்கும்போது முள்ளெலும்புகளை முன்னால் இழுக்கும். "உட்கார்ந்து எழுந்ததும் நிமிர முடியல, நாலு எட்டு நடந்தா சரியாகுது" என்பவர்களிடம் இதைத்தான் முதலில் பார்ப்போம்.

சோதனை எளிது. கட்டில் விளிம்பில் பிட்டம் இருக்கும்படி மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை இரு கைகளாலும் நெஞ்சோடு அணைக்கவும். மற்ற காலைத் தொங்க விடவும். தொங்கும் தொடை கட்டில் மட்டத்துக்கு இறங்காமல் மேலேயே நின்றால் ஸோவாஸ் இறுக்கம். தொடை இறங்கி, முழங்கால் மட்டும் மடங்காமல் நீண்டு நின்றால் முன்தொடைச் சதை.

இளக்குவதற்கு: வலது காலால் மண்டியிட்டு, அந்த முழங்காலுக்கு அடியில் தலையணை, இடது பாதம் முன்னால். வலது பிட்டத்தை இறுக்கி, வால் எலும்பை உள்ளே மடக்கவும். அந்தப் பிடியை விடாமல் இரண்டு மூன்று அங்குலம் மட்டும் முன்னால் நகரவும். 30 விநாடி, பக்கத்துக்கு 3 முறை. பெரும்பாலோர் பிட்டத்தைத் தளர்த்திவிட்டு உடம்பை முன்னால் தள்ளுவார்கள். அப்போது வளைவது இடுப்புதான், ஸோவாஸ் நீளாது. வலி கூடிவிட்டது என்று திரும்பி வருபவர்களைச் செய்து காட்டச் சொன்னால் அநேகமாக இதுதான் நடக்கிறது.

யோகா ஆசிரியர், கோவை

பின்தொடை இறுகியவர்கள் குனிந்து கால்விரலைத் தொட முயலும்போது இடுப்பெலும்பு முன்னால் சாயாது. குறையும் வளைவை எல்லாம் கீழ்முதுகு ஈடுகட்டும். பச்சிமோத்தானாசனத்தில் (கால் நீட்டி உட்கார்ந்து முன்குனிவது) முதுகு கூன் விழுகிறதென்றால் முழங்காலை மடக்கிக்கொள்ளச் சொல்லுங்கள், அல்லது பிட்டத்துக்குக் கீழே மடித்த போர்வை வையுங்கள். நெற்றி முழங்காலைத் தொடுவது இலக்கே இல்லை.

இன்னொன்று, எழுந்தவுடன் முன்குனியும் ஆசனம் வேண்டாம். இரவில் முள்ளெலும்புகளுக்கு நடுவில் உள்ள வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். வலி உள்ளவர்கள் முதல் ஒரு மணி நேரம் குனிவதைத் தவிர்த்தாலே வித்தியாசம் தெரியும்.

பிசியோ, சென்னை

மேடம் சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. பின்தொடையில் "இழுக்குது" என்பதெல்லாம் சதை இறுக்கம் இல்லை. கீழ்முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் சியாட்டிக் நரம்பும் அதே வழியில்தான் போகிறது. நாற்காலியில் கூன் போட்டு, தலையைக் குனிந்து உட்கார்ந்து, இழுவை தெரியும் வரை முழங்காலை நீட்டவும். காலை அங்கேயே வைத்துத் தலையை மட்டும் நிமிர்த்தவும். இழுவை குறைந்தால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். கழுத்தை அசைத்தால் பின்தொடைச் சதையின் நீளம் மாற வழியில்லையே!

நரம்பாக இருந்தால் 30 விநாடி இழுத்துப் பிடிப்பது எரிச்சலைக் கூட்டும். தலையை நிமிர்த்தும்போதே முழங்காலை நீட்டி, குனியும்போது மடக்கி, நிறுத்திப் பிடிக்காமல் 10 முறை ஆட்டினால் போதும். மரத்துப்போவது கூடினால் அதையும் நிறுத்தவும்.

முதுகெலும்பின் இரு பக்கமும் கயிறு மாதிரி விறைத்து நிற்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊரில் வாய்வுப் பிடிப்பு என்பார்கள். வாயுவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. நல்ல முதுகில், முழுதாகக் குனிந்த நிலையில் இந்தச் சதைகள் வேலையை நிறுத்தி ஓய்ந்துவிடும். வலி உள்ள பலருக்கு அங்கேயும் ஓயாது. குறுகிப்போனதால் வந்த விறைப்பு அல்ல இது, வலிக்கும் முதுகுக்கு உடம்பு போடும் காவல். எண்ணெய் போட்டு நீவினால் சில மணி நேரம் சுகமாக இருக்கும், பிறகு பழையபடி. மல்லாந்து படுத்துக் கெண்டைக்காலை நாற்காலி மேல் வைத்து 5 நிமிடம் வயிற்றால் மூச்சு விடுவது, பிறகு 10 நிமிடம் நடப்பது: இந்த வரிசை நீவுவதைவிட நின்று பேசும்.

விளையாட்டு மசாஜ், மதுரை

பிட்டத்தை யாரும் சொல்லவில்லையே. பின்பாக்கெட்டில் தடித்த பர்ஸோடு பைக் ஓட்டுபவர்களுக்கு அந்தப் பக்கம் மட்டும் வலிக்கும். பர்ஸை எடுப்பதுதான் முதல் சிகிச்சை. அப்புறம் டென்னிஸ் பந்து. தரையில் வேண்டாம், சுவரில் சாய்ந்து செய்யுங்கள், அழுத்தம் கைக்குள் இருக்கும். முதுகெலும்பின் அடியில் உள்ள முக்கோண எலும்புக்கும் தொடை மூட்டின் வெளிப்புடைப்புக்கும் நடுவில் வைத்து 60 விநாடி. காலில் ஜிவ்வென்று இறங்கினால் நரம்பின் மேல் இருக்கிறீர்கள், நகர்த்துங்கள். முள்ளெலும்பின் மேல் பந்து வைக்கவே கூடாது.

ஒரே இடுப்பில் குழந்தையையோ குடத்தையோ தாங்குபவர்களுக்குக் கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பு விளிம்புக்கும் இடையில் உள்ள சதை பிடிக்கும். படுக்கையில் புரளும்போது சுருக்கென்று தெரியும். பக்கம் மாற்றித் தூக்கச் சொன்னால் "அந்த இடுப்புல நிக்காதுங்க" என்பார்கள். அது என்னவோ உண்மைதான்.

பிசியோ, ஈரோடு

சென்னை சார் சொன்ன நரம்புச் சோதனையை ஸோவாஸுக்கு முன்னாலேயே செய்திருக்க வேண்டும், வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைப்பது அல்லது அடக்க முடியாமல் போவது, பாதம் தூக்க வராமல் தொய்வது, இவற்றில் ஏதாவது இருந்தால் பந்தும் வேண்டாம், ஆசனமும் வேண்டாம். அன்றைக்கே அவசரப் பிரிவு.