சூரியகாந்தி எண்ணெய் சேர்த்த ஈரப்பத கிரீமில் சிக்கு வாடை வருகிறது: எண்ணெயை மாற்றுவதா, வைட்டமின் ஈ அளவைக் கூட்டுவதா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்குக் கை கால்களில் தோல் வறண்டு சொரசொரப்பாகிவிடுவதால், வாசனைப் பொருள் சேராத கிரீம் ஒன்றை வீட்டிலேயே செய்து தருகிறேன். 100 கிராமுக்கு மரச்செக்குச் சூரியகாந்தி எண்ணெய் 20 கிராம், எண்ணெயையும் நீரையும் ஒன்றாகக் கலக்க உதவும் குழம்பாக்கும் மெழுகு 6 கிராம், கிளிசரின் 5 கிராம், மீதி காய்ச்சி வடித்த நீர்; கடைசியில் வைட்டமின் ஈ சில துளிகள். செய்த புதிதில் நன்றாக இருக்கும் கிரீம், சில வாரங்களில் டப்பாவில் நெடுநாள் கிடந்த முறுக்கைப் போல வாடை அடிக்கிறது. மேலே நீர்த்துளிகளும் தெரிகின்றன. ஆலிவ் எண்ணெய்க்கு மாறும்படி உறவினர் சொல்கிறார். மாறலாமா? இல்லை, வைட்டமின் ஈயைக் கூட்டினால் போதுமா?

மறுமொழி 1:
முறுக்கில் வருவதும் உங்கள் கிரீமில் வருவதும் ஒரே வாடைதான். சாதாரணச் சூரியகாந்தி எண்ணெயில் பாதிக்கு மேல் லினோலெயிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலம் இருக்கிறது. அதிலுள்ள இரட்டைப் பிணைப்புகளைக் காற்றும் வெளிச்சமும் சூடும் சேர்ந்து எளிதில் தாக்குவதால் எண்ணெய் காறிப்போகிறது. ஆனால், வறண்ட தோலுக்கு வேண்டியதும் அதே லினோலெயிக் அமிலம்தான், ஏனெனில் தோலின் மேலடுக்கு ஈரத்தைத் தடுத்து வைக்கும் செராமைடுகள் என்னும் கொழுப்புகளை உருவாக்க அதைப் பயன்படுத்துகிறது. ஆகவே அதைக் கைவிட வேண்டாம். ஓலியிக் அமிலம் என்னும் இன்னொரு கொழுப்பு அமிலம் மிகுந்த ஆலிவ் எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் காறாது என்பது உண்மை. எனினும் 2013இல் வெளிவந்த ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வில், பெரியவர்களின் முன்கையில் சில வாரங்கள் தொடர்ந்து தடவப்பட்ட ஆலிவ் எண்ணெய் தோலின் தடுப்பரணைப் பலவீனப்படுத்தியது, சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யவில்லை. உங்கள் தாயாரின் தோலுக்கு அந்த மாற்றத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

20 கிராமில் 8 கிராமை நல்லெண்ணெயாக மாற்றிப் பாருங்கள். அதில் இரண்டு அமிலங்களும் ஏறத்தாழச் சம அளவில் இருப்பதோடு, காறலைத் தடுக்கும் இயற்கைப் பொருள்களும் உள்ளன. ஒன்றைக் கவனியுங்கள்: நம் செக்குகளில் எள்ளோடு கருப்பட்டி சேர்த்து ஆட்டுவது வழக்கம். சமையலுக்கு அது சிறப்பு. கிரீமுக்கோ, கருப்பட்டி சேர்க்காமல் ஆட்டித் தெளியவைத்து வடிகட்டிய எண்ணெயே வேண்டும். வைட்டமின் ஈ எண்ணெய் எடையில் அரை சதவீதத்துக்குள் போதும், அதையும் எண்ணெய் புதிதாக இருக்கும்போதே கலக்க வேண்டும். ஏற்கெனவே காறியதை அது மீட்காது.

மறுமொழி 2:
மேலே ஐயா சொன்னது எண்ணெய்க்குப் பொருந்தும். எனக்குப் பெரிய கவலை அந்த நீரைப் பற்றியது. முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக நீர் உள்ள கிரீமில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். வைட்டமின் ஈ அவற்றைக் கொல்லாது, குளிர்சாதனப் பெட்டி வளர்ச்சியை மெதுவாக்குமே தவிர நிறுத்தாது. கிருமி வளராமல் தடுக்கும், ஃபினாக்சி எத்தனால் அடிப்படையிலான பதப்படுத்தி ஒன்றை, விற்பவர் குறிப்பிடும் அளவில், கிரீம் 40 டிகிரிக்கு ஆறியபின் கலக்குங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஃபினாக்சி எத்தனாலுக்கு உச்ச வரம்பு 1 சதவீதம். நீர்த்துளிக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: சூடு ஆறுமுன் மூடியிருந்தால் மூடியில் படிந்த ஆவி சொட்டியிருக்கும், இல்லையேல் எண்ணெயும் நீரும் கலந்த குழம்பு பிரிகிறது. எண்ணெய்ப் பகுதியையும் நீர்ப் பகுதியையும் தனித்தனியே 70 முதல் 75 டிகிரி வரை சூடாக்கிச் சேர்த்து, ஆறும்வரை கிளறிக்கொண்டே இருக்க வேண்டும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. எண்ணெய் அடுப்பருகே கண்ணாடிப் புட்டியில்தான் இருக்கிறது, இன்றே இடம் மாற்றுகிறேன். மீதமுள்ள கிரீமைக் குதிகாலுக்கு மட்டுமாவது பயன்படுத்தலாமா? அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு, குதிகாலில் வெடிப்பும் இருக்கிறது.

மறுமொழி 2:
வேண்டாம், அம்மா. காறிய எண்ணெய் தோலை எரிச்சலூட்டலாம். பதப்படுத்தி இல்லாத கிரீமிலிருந்து வெடிப்பின் வழியே கிருமி உள்ளே போகலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காலில் உணர்வு குறைந்திருந்தால் புண் ஆவதே தெரியாமல் போய்விடும். அந்த டப்பாவைக் கொட்டிவிடுங்கள். ஆழமான வெடிப்பை மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை அதன் மேல் வீட்டுக் கிரீம் எதையும் தடவாதீர்கள். புதிய கிரீமைக் கைகளில் தொடங்கலாம், அதுவும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவிப் பார்த்த பிறகு.