பழைய சர்வே வரைபடத்தில் பள்ளிக்கரணைச் சதுப்பின் எல்லையை எப்படிக் கண்டுபிடிப்பது?

வேளச்சேரி டீச்சர் (கேள்வி)

வணக்கம். பள்ளியில் புவியியல் எடுக்கிறேன். மழைக்காலத்தில் எந்தெந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்பது எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஏன் அந்தத் தெருவில் மட்டும் என்று அவர்கள் கேட்டார்கள். அதற்காக, மைலுக்கு ஓர் அங்குலம் அளவில் வந்த பழைய சர்வே ஆஃப் இந்தியா தாளின் ஸ்கேனைத் தேடிப் பிடித்து, க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துப் பார்க்கிறேன். தாளின் மூலையில் அச்சிட்ட அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தால் எல்லாமே தள்ளிப் போய் உட்காருகிறது. அப்புறம், சில ஏரிகள் இன்றைக்கு இருப்பதைவிடச் சின்ன நீலத் திட்டாகத் தெரிகின்றன. ஏரி பெரிதாக வழியே இல்லையே? பக்கத்தில் உள்ள பள்ளிக்கரணைச் சதுப்பின் பழைய எல்லையை எதை வைத்துப் போடுவது?

ஓய்வுபெற்ற சர்வேயர்

டீச்சர், முதலில் அந்த விலகலைச் சரிசெய்வோம். பூமியின் வடிவத்துக்கு எந்தக் கணக்கை எடுக்கிறோமோ அதைப் பொறுத்து அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் மாறும். பழைய தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளம் என்ற கணக்கை அடிப்படையாக வைத்தவை, உங்கள் செயற்கைக்கோள் படம் டபிள்யூஜிஎஸ் 84 என்ற இன்றைய கணக்கில் உள்ளது. நம் பக்கத்தில் இந்த வித்தியாசமே நூறு மீட்டரைத் தாண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தாள் என்றால் இன்னொரு பிழையும் சேரும். மெட்ராஸ் வானாய்வுக்கூடத்தின் தீர்க்கரேகைக்கு அன்று வைத்திருந்த மதிப்பு கிட்டத்தட்ட இரண்டரை நிமிடம் கூடுதல். தரையில் அது நாலு கிலோமீட்டருக்கு மேல்.

அதனால் மூலை எண்களை விட்டுவிட்டு, அன்றும் இன்றும் ஒரே இடத்தில் இருப்பவற்றைப் புள்ளிகளாக எடுங்கள். பழைய கோயில், ரயில் பாலம், குன்றின் உச்சி எல்லாம் சரி. சாலைச் சந்திப்பு வேண்டாம், அகலப்படுத்தும்போது நகர்ந்துவிடும். உங்களுக்குப் பரங்கிமலை உச்சியும் பெரும்பாக்கம் குன்றும் இருக்கின்றன. 1802-இல் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய நில அளவையாளர் இந்த இரண்டுக்கும் நடுவே சுமார் ஏழரை மைல் நீள அடிக்கோட்டைச் சங்கிலி போட்டு அளந்தார். இமயம் வரை போன முக்கோண அளவைக்கு அதுதான் தொடக்கம். சதுப்பின் ஓரத்திலேயே நடந்த வேலை இது, பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

அடுத்து நீலம். எந்தப் பருவத்தில் அளந்தார்களோ அந்தத் தண்ணீர்தான் நீலமாக ஏறும். சர்வே ஆட்கள் பெரும்பாலும் மழை ஓய்ந்த பிறகுதான் களத்தில் இறங்குவார்கள். எந்த வருடம் அளந்தது என்று தாளின் ஓரத்தில் போட்டிருக்கும். அதை நீங்கள் டிசம்பர் மாதச் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டால் ஏரி பெரிதானது போலத்தான் தெரியும். நீலத்தைப் பார்க்காதீர்கள், கரையைப் பாருங்கள். நெடுக்கச் சின்னச் சின்னப் பல் வைத்த வளைகோடுதான் கரை. பக்கத்தில் ஓர் எண்ணும் 'ஆர்' என்ற சின்ன ஆங்கில எழுத்தும் இருக்கும், அது கரையின் உயரம். கரையின் இரண்டு முனைகளையும் குறித்துக்கொண்டு, கலங்கல் (நிறைந்த தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம்) இருக்கும் மட்டத்தில், தண்ணீர் வந்து சேரும் மேட்டுப் பக்கமாகச் சமஉயரக் கோட்டைப் போட்டு மூடுங்கள். ஏரி நிறைந்தால் அதுதான் நீர்ப்பரப்பு. அதைக் கிராமக் கணக்கில் உள்ள ஏரிப் புறம்போக்கின் (ஏரிக்கென்று ஒதுக்கிய அரசு நிலத்தின்) பரப்போடு ஒத்துப் பாருங்கள்.

ஜிஐஎஸ் மாணவன்

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 1960களில் எடுத்த கொரோனா உளவு செயற்கைக்கோள் படங்களை அமெரிக்கா 1995-இல் வெளியிட்டது. யூஎஸ்ஜிஎஸ் எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் தேடலாம். எடுத்த தேதி இருப்பதால் பருவம் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். ஓரங்களில் படம் இழுபட்டிருக்கும், நடுப்பகுதியை நம்பலாம். ஐயா, எனக்கும் ஒரு கேள்வி. ஏரிக்குக் கரை இருக்கிறது, சதுப்புக்குக் கரையே கிடையாதே?

ஓய்வுபெற்ற சர்வேயர்

நல்ல கேள்வி தம்பி. சதுப்புக்குத் தாளில் புல் கொத்துச் சின்னம்தான் போடுவார்கள். சின்னம் முடிகிற இடத்தில் சதுப்பு முடிந்துவிடாது, அதை எல்லையாக எடுக்கக் கூடாது. வருவாய்த் துறையின் கிராம வரைபடத்துக்குப் போங்கள். மைலுக்கு 16 அங்குலம் அளவில் வந்த பழையவற்றில் ஒவ்வொரு புல எண்ணும் (நிலத்துண்டின் சர்வே எண்) தெரியும். பள்ளிக்கரணை, பெருங்குடி, ஒக்கியம் துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் என்று சுற்றியுள்ள ஊர்களின் படங்களை ஒட்டி வைத்து, ஒவ்வொரு புல எண்ணின் வகையையும் பரப்பையும் சொல்லும் 'அ' பதிவேட்டில் கழுவெளி (சதுப்பு நிலம்), ஏரி, புறம்போக்கு என்று வகைப்படுத்திய எண்களுக்கு மட்டும் வண்ணம் அடியுங்கள்.

அந்தக் கோடும் கணக்குக்கான கோடுதான். வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் பட்டா நிலத்திலும் ஏறி நிற்கும். அதனால் பதிவேட்டு எல்லை ஒன்று, வெள்ள எல்லை ஒன்று என்று தனித்தனியாகப் போடுங்கள். 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்த சுமார் 1,248 ஹெக்டேரைப் பழைய எல்லை என்று எடுத்துவிடாதீர்கள். அது மிச்சம் இருப்பது.

டீச்சருக்கு இன்னொன்று. பிள்ளைகள் கேட்ட தெருவுக்கான பதில் பெரும்பாலும் கால்வாயில்தான் இருக்கும். ஓர் ஏரியின் கலங்கலில் வழிந்தது அடுத்த ஏரிக்கு, அங்கிருந்து சதுப்புக்கு, சதுப்பிலிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு. அந்த மெல்லிய கோடுகளை முதலில் வரையுங்கள். ஸ்கேனில் முதலில் மங்குவதும் அவைதான். ஏரியை மட்டும் காப்பாற்றி, வரத்துக் கால்வாயை விட்டுவிட்ட ஊர்களைப் பார்த்து எனக்கு மனசு ஆறவில்லை.

வேளச்சேரி டீச்சர்

மிக்க நன்றி ஐயா. கிராம வரைபடமும், ஒவ்வொரு புல எண்ணுக்குமான புலப்படமும் எங்கே கிடைக்கும்? இணையத்தில் எடுத்தால் போதுமா?

ஓய்வுபெற்ற சர்வேயர்

தமிழ்நாடு அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் புலப்படமும் 'அ' பதிவேட்டு விவரமும் எடுக்கலாம், ஆனால் அது இன்றைய நிலவரம். யூடிஆர் என்ற நிலப் பதிவேட்டுப் புதுப்பிப்புக்கு முந்தைய கணக்குதான் உங்களுக்கு வேண்டும். கிராம வரைபட நகலுக்குச் சேப்பாக்கம் மத்திய நில அளவை அலுவலகம், பழைய செட்டில்மென்ட் (நிலவரித் திட்ட) பதிவேடுகளுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம். போகும்போது கிராமத்தின் பெயரோடு அன்றைய தாலுகா பெயரையும் எழுதிக்கொண்டு போங்கள். இந்த ஊர்கள் அப்போது செங்கல்பட்டு மாவட்டக் கணக்கில் இருந்தவை, சென்னை என்று கேட்டால் கிடைக்காது.