விண்டோஸ் 10-இலிருந்து லினக்ஸ் மின்ட்டுக்கு மாறினேன்: அன்றாட வேலைக்கு இதை நம்பலாமா?

தாமிரபரணி (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுப்பது என் தொழில். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. என் மடிக்கணினியில் உள்ளது இன்டெல் ஆறாம் தலைமுறைச் செயலி என்பதால் அதில் விண்டோஸ் 11-ஐ முறைப்படி நிறுவ வழியில்லை. நன்றாக ஓடும் கணினியை ஒதுக்க மனம் வராமல், விண்டோஸை ஒரு பகுதியில் விட்டுவைத்து, லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தை நிறுவிக்கொண்டேன். பட்டியலும் கோப்புறைகளும் விரைவில் பழகிவிட்டன, தமிழ்99 தட்டச்சும் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாக ஒழுங்காக அமைந்துவிட்டது. ஆனால் அண்மையில் வந்த ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு, மூடியைச் சாத்தித் திறந்தால் திரை கறுப்பாகவே இருக்கிறது. பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டியுள்ளது. விண்டோஸ் பகுதியில் உள்ள கோப்புகளைச் சில நாள் திறக்க முடிகிறது, சேமிக்க முடிவதில்லை. போதாததற்கு, வேர்டில் எழுதப்பட்ட கோப்பை லிப்ரேஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் திறந்தால் பக்க எண்கள் மாறிவிடுகின்றன. அச்சுக்குப் போகும் கோப்புகளை இதை நம்பி ஒப்படைக்கலாமா?

கல்லணை:
புதுப்பிப்புக்குப் பிறகுதான் திரை கறுக்கிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது புதிய கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை. கணினி தொடங்கும்போது எஸ்கேப் விசையைத் தட்டினால் (பழைய பயாஸ் முறையில் ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டால்) கிரப் என்ற தொடக்கப் பட்டியல் தோன்றும். அதில் கூடுதல் தேர்வுகளுக்குள் சென்று முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து ஓரிரு நாள் வேலை செய்து பாருங்கள். அதில் சிக்கல் இல்லையென்றால், புதுப்பிப்பு மேலாளரில் உள்ள லினக்ஸ் கெர்னல்கள் பக்கத்துக்குச் சென்று, மின்ட்டுக்கு அடிப்படையான உபுண்டு 24.04-உடன் வந்த 6.8 வரிசையிலேயே நிலைத்திருக்கலாம். பழைய கெர்னலிலும் அதே நிலை என்றால், வட்டின் நலத்தைக் காட்டும் ஸ்மார்ட் அறிக்கையையும் நினைவகத்தையும் சோதித்துவிட்டு அதன் பிறகு இயங்குதளத்தைக் குறை சொல்வதே முறை.

பவர் பொத்தானுக்குப் போகுமுன் ஆல்ட், பிரின்ட் ஸ்கிரீன் இரண்டையும் அழுத்திக்கொண்டே எஸ், யு, பி என்ற எழுத்துகளை ஒவ்வொன்றாக, சிறிது இடைவெளி விட்டு அழுத்துங்கள். கெர்னல் உயிரோடு இருந்தால், எழுதப்படாமல் நிற்பவற்றை வட்டில் எழுதி, வட்டைப் படிக்க மட்டுமே முடிவதாக மாற்றி, கணினியை மீண்டும் தொடக்கும். இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை திடீர் நிறுத்தத்தை ஓரளவு தாங்கும் என்றாலும், நீங்கள் சேமிக்காத பத்தியை அதனால் மீட்டுத் தர இயலாது.

நொய்யல்:
சேமிக்க முடியாததற்குக் காரணம் பெரும்பாலும் விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதியே. அது இயக்கத்தில் இருந்தால், நாம் அணைத்தாலும் விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. தன் நிலையை வட்டில் எழுதி வைத்துவிட்டு உறங்கப் போகிறது. அந்த நிலையில் உள்ள பகுதியில் கைவைத்தால் தரவு சிதையும் என்பதால் லினக்ஸ் அதைப் படிக்க மட்டுமே அனுமதிக்கிறது. எரிச்சலூட்டினாலும் அது உங்கள் கோப்புகளைக் காக்கும் செயல். கட்டுப்பாட்டுப் பலகத்தின் பவர் அமைப்புகளில் அந்த வசதியை நிறுத்திவிடுங்கள்.

பக்கங்கள் மாறுவது எழுத்துருவால். லதா, நிர்மலா போன்றவை விண்டோஸோடு வருபவை. அவை இல்லாதபோது லிப்ரேஆபிஸ் வேறொரு தமிழ் எழுத்துருவை இட்டு நிரப்புகிறது, எழுத்தின் அகலம் மாறுவதால் வரி முறிந்து பக்கமும் நகர்ந்துவிடுகிறது. பதிப்பகத்தாரிடம் பேசி, இரு பக்கமும் நோட்டோ தமிழ் எழுத்துருவை வைத்துக்கொள்ளுங்கள். இறுதிப் படியை எழுத்துரு உள்ளடக்கிய பிடிஎஃப் ஆகவே அனுப்புங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சான கோப்புகளை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிவிட்ட பிறகே திருத்தத் தொடங்குங்கள்.

வைகை:
நான் சற்று மாறுபடுகிறேன். கெடு நெருங்கும் வேலை கையில் இருக்கும்போது இயங்குதளம் மாற்றுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். விண்டோஸ் 10-க்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புகளில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை அவகாசம் கிடைக்கும். அதுவரை பணியை அங்கேயும் பழக்கத்தை இங்கேயும் வைத்துக்கொள்ளலாம். அதற்காக விண்டோஸ் என்றால் விழாது என்றும் எண்ண வேண்டாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான ஒரு கோப்பால், மைக்ரோசாஃப்ட்டின் கணக்குப்படி, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. எந்தத் தளமானாலும், விழுந்தால் எவ்வளவு விரைவில் எழுப்ப முடியும் என்பதை வைத்தே நான் நம்பகத்தை அளவிடுவேன்.

தாமிரபரணி:
மிக்க நன்றி. முந்தைய கெர்னலில் மூடியைச் சாத்தித் திறந்தால் திரை உடனே வருகிறது. விரைவுத் தொடக்கத்தையும் நிறுத்திவிட்டேன். வைகை சொன்னபடி, கையில் உள்ள நூல் முடியும்வரை இறுதிப் படியை விண்டோஸிலேயே சரிபார்க்கப் போகிறேன். மின்ட்டில் உள்ள டைம்ஷிஃப்ட் கருவியால் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் படி) எடுத்து வைத்தால் என் கோப்புகளும் அதில் அடங்குமா?

கல்லணை:
அடங்காது. டைம்ஷிஃப்ட் இயல்பாக முறைமைக் கோப்புகளை மட்டுமே பதிவு செய்கிறது. உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் இல்லக் கோப்புறையை (ஹோம்) விட்டுவிடும். ஒவ்வொரு கெர்னல் புதுப்பிப்புக்கு முன்பும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள்; மெய்ப்புக் கோப்புகளை நாள்தோறும் தனி வெளிவட்டில் படியெடுத்து வையுங்கள். அந்த வட்டைப் படியெடுக்கும்போது மட்டும் இணைத்தால் போதும்.