டீச்சர் வீட்டுக்கு வந்தால் புகார்தானா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

மூன்றாம்வகுப்பு டீச்சர்
பாம்பன் பக்கம் தொடக்கப்பள்ளி. கடலில் மூழ்கிப் பாசி எடுக்கப் போகிற அம்மாக்களைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மதியம் மூன்று மணிக்குக் கூட்டம் என்று சொல்லி அனுப்புவேன், நாலைந்து பேர் வருவார்கள். என் வகுப்பில் வாய்ப்பாடே ஏறாத பையன் ஒருவன். அந்த வாரம் தானே எழுந்து வந்து கரும்பலகையில் பெருக்கல் கணக்கைப் போட்டுக் காட்டினான். இதை அவன் அம்மாவிடம் சொல்லியே ஆகவேண்டும் என்று சனிக்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு கரைக்குப் போனேன்.

அப்போதுதான் கரையேறி வந்தார். நெற்றியில் தண்ணீர்க் கண்ணாடி, விரல் ஒவ்வொன்றிலும் துணி சுற்றி, பாசிச் சாக்கு சொட்டச் சொட்ட. என்னைப் பார்த்ததும் சாக்கைக் கீழே போட்டுவிட்டு, "என்ன செஞ்சான் டீச்சர்?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் கிடந்த தென்னமட்டையை எடுத்துவிட்டார். பையன் என் சேலைக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டான்.

நல்லாப் படிக்கிறான்மா என்றேன். நம்பவில்லை. "நெசமாவா?" என்று இரண்டு தடவை கேட்டார். இரண்டு வருடத்தில் அந்த வீட்டுக்கு நான் சொல்லி அனுப்பியது எல்லாமே புகார்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

விசைப்படகு அப்பா
ராமேஸ்வரம். திங்கள், புதன், சனி கடலுக்குப் போகிற ஆள். பள்ளியில் கொடுத்திருந்தது என் நம்பர், போனோ என்னோடு கடலுக்கு வந்துவிடும். கொஞ்சதூரம் போனால் டவர் கிடையாது. ஒரு வியாழக்கிழமை விடியும் முன்னே கரைக்குத் திரும்புகிறோம். டிவி டவர் விளக்கு தெரிந்தது, சட்டைப்பைக்குள் போன் விடாமல் அடிக்க ஆரம்பித்தது. "பாப்பாவுக்குக் காய்ச்சல், வந்து கூட்டிச் செல்லவும்." அடுத்தது, "இன்னும் யாரும் வரவில்லை." அப்புறம் மூன்று மிஸ்டு கால். எல்லாம் முந்தின நாள் மதியம் வந்தவை. வீட்டுக்கும் பள்ளிக்கும் கூப்பிடு தூரம்தான், பாப்பாவின் அம்மா அப்போது வீட்டில்தான் இருந்திருக்கிறாள். அவள் நம்பர் பள்ளியில் இல்லை. பிள்ளை நாலு மணி வரைக்கும் பெஞ்சில் படுத்தே கிடந்திருக்கிறது.

பணி ஓய்வு தலைமையாசிரியர்
டீச்சர் கோபித்துக்கொள்ள வேண்டாம். மூன்று மணிக்குக் கூட்டம் வைத்தால் யார் வருவார்கள்? கடலுக்குப் போய் வந்து, பாசியைக் காயப்போட்டு, சோறாக்கி முடிக்காத நேரம் அது. நானும் அந்தத் தப்பைச் செய்தவன்தான். ஒரு தடவை தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்கும்போது ஒரு அப்பா, "இதுல என்ன சார் எழுதியிருக்கு?" என்று கேட்டார். அவசரத்தில், முதலில் போடுங்கள், அப்புறம் சொல்கிறேன் என்றேன். போட்டார். அதன்பிறகு ஒரு கூட்டத்துக்கும் அவர் வரவில்லை.

அதனால் சொல்கிறேன். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். பெயரை எழுதிக்கொள்வதோடு விடக்கூடாது. தீர்மானத்தைச் சத்தமாக வாசியுங்கள், பிறகு கையெழுத்து கேளுங்கள். கூட்டத்தை விளக்கு வைத்த பிறகு வையுங்கள். பள்ளியில்தான் வைக்க வேண்டும் என்பதில்லை, மீன் ஏலம் போடுகிற கொட்டகை போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு அப்பாக்கள் கரையில் இருப்பார்கள். கோடை விடுமுறைக்கு முன் கிடைக்கிற அந்தச் சில நாட்களையாவது விட்டுவிடாதீர்கள். அப்பாவை வகுப்புக்குள் கூப்பிட்டு உட்கார வைத்து, பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்க வையுங்கள். வீட்டில் எழுதப்படிக்கத் தெரியாவிட்டால் நோட்டில் எழுதி அனுப்பிப் பிரயோஜனம் இல்லை, பேசிப் பதிவுசெய்து அனுப்புங்கள்.

கீழக்கரை உம்மா
சார், கொட்டகையில் வைத்தால் எங்கள் தெருப் பெண்கள் வரமாட்டார்கள். பாதிப்பேர் பெண்கள் என்று சொல்லிவிட்டு ஆம்பிளைகள் கூடுகிற இடத்துக்குக் கூப்பிட்டால் எப்படி? பள்ளிக்கூடமே நல்லது.

என் அனுபவம் சின்னது. மகனுடைய வாப்பா துபாயில். இங்கே மூன்று மணி என்றால் அங்கே ஒன்றரை, அவருக்குச் சாப்பாட்டு நேரம். கூட்டத்துக்குப் போயிருந்தபோது டீச்சர் என் கையிலிருந்த போனை வாங்கி, வீடியோ காலில் மகனின் தமிழ் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினார். ஒரு பக்கத்தில் "எங்கள் வீட்டில் நான்கு பேர்" என்று எழுதி, வாப்பாவையும் சேர்த்து வரைந்திருந்தான். அந்தப் பக்கம் பேச்சே இல்லை, லைன் போய்விட்டது என்றுதான் நினைத்தோம். கொஞ்சநேரம் கழித்து, "அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை காட்டச் சொல்லு" என்றார்.

மூன்றாம்வகுப்பு டீச்சர்
தலைமையாசிரியர் ஐயா சொன்னது சரி, அந்த நேரம் வைத்தது என் தப்புதான். விசைப்படகு அண்ணன் சொன்னதைப் படித்ததும் என் வகுப்பு நம்பர்களை எடுத்துப் பார்த்தேன். இருபத்தாறில் பத்தொன்பது அப்பா நம்பர். திங்கட்கிழமை ஒவ்வொரு வீட்டிலும் பகலில் யார் கையில் போன் இருக்கிறது என்று கேட்கப்போகிறேன். அந்தப் பையன் மட்டும் நான் தெருவுக்குள் நுழைவதைப் பார்த்தால் இப்போதும் வீட்டுக்குள் ஓடிவிடுகிறான்.