பினாங்கில் அரை நாள்: தனி வேன் எடுப்பது சரிவருமா? மாமனாருக்கு 79 வயது

குத்தாலத்து மருமகள் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மாசியில் மலேசியா போகிறோம். சம்பா அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுப் பணம் கைக்கு வந்த பிறகுதான் வீட்டுக்காரர் ஊரை விட்டு நகர்வார், அதனால் அந்த மாதம். திருச்சியிலிருந்து கோலாலம்பூர், தங்குவது கிள்ளானில் நாத்தனார் வீட்டில். நடுவில் பினாங்குக்கு ஒரு இரவு மட்டும். மறுநாள் காலை முதல் மதியம் வரை தீவைச் சுற்ற நேரம் இருக்கிறது.

போவதே மாமனாருக்காகத்தான். அவருடைய அப்பா பினாங்கில் ஒரு செட்டியார் கிட்டங்கியில், அதாவது வட்டிக்கடையில், கணக்குப்பிள்ளையாக இருந்தவர். மாமா சின்னப் பையனாக இருந்தபோது நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறிப் போயிருக்கிறார். கரையிலிருந்து படகில் போய், நடுக்கடலில் நின்ற கப்பலில் தூக்கி ஏற்றினார்களாம். டெக்கில் பாய் விரித்துப் படுத்தது, வெங்காய மூட்டை வாசனை, பாட்டிக்கு வழியெல்லாம் வாந்தி, எல்லாம் சொல்வார். இறங்கிய ஊரைப் பற்றிக் கேட்டால் மட்டும் "நம்ம நாகூர் மாதிரியே ஒரு தர்கா இருந்தது, பக்கத்தில் மாரியம்மன் கோயில்" என்பதோடு நிறுத்திவிடுவார்.

இணையத்தில் தேடி ஒரு டூர் நிறுவனத்திடம் கேட்டேன். "தனி அரை நாள் சுற்றுலா, 4 மணி நேரம்" என்று பட்டியல் அனுப்பினார்கள். பினாங்கு மலை, கெக் லோக் சி கோயில், படுத்திருக்கும் புத்தர், பாம்புக் கோயில், கார்ன்வாலிஸ் கோட்டை, சுவர் ஓவியத் தெரு, கடல் மேல் மரவீடுகள், பாத்தெக் தொழிற்சாலை, சாக்லேட் கடை. தலைக்கு 160 ரிங்கிட், நாங்கள் ஐந்து பேர்.

மாமாவுக்கு ஒரு முழங்காலில் ஆபரேஷன் ஆனது. நடப்பார், படிதான் கஷ்டம். அத்தை முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொடமாட்டார். பையனுக்குப் பன்னிரண்டு வயது, அவனுக்கு மலை ரயில் வேண்டுமாம். இந்தப் பட்டியல் நடக்கிற காரியமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

தேரடி வாசல், திருவாரூர்:

டூரே வேண்டாம் என்பேன். வாடகை வண்டி கூப்பிடுகிற கிராப் செயலியில் ஆறு பேர் உட்காரும் வண்டி கிடைக்கும். போகிற இடத்துக்குப் போட்டு இறங்கிக்கொள்ள வேண்டியதுதான். தம்பி கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போனபோது நாங்கள் அப்படித்தான் சுற்றினோம், காசும் குறைவு.

இன்னொன்று, கிளம்பும் முன் மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை ஐந்து பேருக்கும் நிரப்பிவிடுங்கள். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் செய்ய வேண்டும். அது இலவசம். காசு கேட்கும் தளம் வந்தால் மூடிவிட்டு, அரசாங்கத் தளத்தைத் தேடுங்கள்.

மினாராப் புறா, நாகூர்:

தேரடி வாசல் அண்ணன் சொல்வது இளவட்டத்துக்குச் சரி. 79 வயதுக்காரரை வெயிலில் நிறுத்திவிட்டு, போனைப் பார்த்துக்கொண்டு வண்டி வருகிறதா என்று தேடுவது சரிவராது. தனி வண்டி எடுங்கள் அக்கா. ஆனால் இந்தப் பட்டியலோடு எடுக்காதீர்கள்.

நான் அந்த ஊரில் சூலியா வீதியில் மணி சேஞ்சர் கடையில் வேலை பார்த்தவன். இந்த மாதிரிப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, வேனிலிருந்து இறங்கி, போட்டோ எடுத்து, மறுபடி ஏறுகிற குடும்பங்களைத் தினமும் பார்த்திருக்கிறேன். முகத்தில் களைப்பைத் தவிர ஒன்றும் இருக்காது. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பாம்புக் கோயில் தெற்கே, விமான நிலையம் போகிற பாதையில். பாத்தெக் தொழிற்சாலை வடமேற்கு மூலையில், தெலுக் பஹாங்கில். மலையும் கெக் லோக் சியும் தீவின் நடுவே ஆயர் ஈத்தாம் பக்கம். நீங்கள் பார்க்க வேண்டிய பழைய ஊரான ஜார்ஜ் டவுனோ கிழக்குக் கரையில். நாலு மணி நேரத்தில் மூன்று மணி நேரம் வண்டிக்குள்தான் இருப்பீர்கள். அந்தச் சாக்லேட் கடையில் மட்டும் அவசரமே படுத்தமாட்டார்கள், ஏன் என்று உங்களுக்கே தெரியும். என் சொந்தக்காரர் ஒருவரை அப்படி ஒரு கடையில் முக்கால் மணி நேரம் உட்காரவைத்து, அப்புறம் நேரமாகிவிட்டது என்று கோட்டையை வெட்டிவிட்டார்கள்.

மலை ரயில் நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. 1923இல் ஓட ஆரம்பித்தது. இப்போதைய பெட்டிகள் புதியவை, சரசரவென்று மேலே கொண்டுபோய்விடும். மேலே ஒரு முருகன் கோயிலும் பள்ளிவாசலும் உண்டு. ஆனால் டிக்கெட் வரிசை, ரயிலுக்கு நிற்பது, இறங்கும்போது மறுபடி வரிசை. அதற்கே அரை நாள் போய்விடும். மலை காலை ஆறரைக்கே திறந்துவிடும். அவனுக்கு ஆசை இருந்தால் அப்பாவும் பிள்ளையும் விடியலில் கிராப் பிடித்துப் போய் வரட்டும், பெரியவர்கள் ஓட்டலில் படுத்திருக்கட்டும். தேரடி வாசல் அண்ணன் சொன்னது இங்கே உதவும்.

கெக் லோக் சியையும் விடச் சொல்வேன். கார் மேலே வரை போகும், அங்கிருந்து பெரிய குவான் யின் சிலைக்குச் சாய்வு லிஃப்ட்டும் உண்டு என்றாலும், உள்ளே எங்கே திரும்பினாலும் படிதான். புத்தர்தான் பார்க்க வேண்டுமென்றால் பர்மா சந்துக்குப் போங்கள். ஒரு பக்கம் சயாம்காரர்கள் கட்டிய கோயிலில் 33 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறார். எதிரே 1803இல் தொடங்கிய பர்மாக் கோயில். வாசலிலேயே இறங்கலாம். செருப்பைக் கழற்றி மாட்ட மாமாவுக்கு நாற்காலி இல்லாவிட்டால் திண்டு இருக்கும்.

மிச்ச நேரம் முழுவதையும் ஜார்ஜ் டவுனுக்குக் கொடுங்கள். உங்கள் மாமா சொன்னது ஒன்றும் மறதியில் சொன்னதல்ல. நாகூர் ஆண்டவர் பேரில் தர்கா சூலியா வீதியும் கிங் வீதியும் சேரும் முனையில் இருக்கிறது. 1800களின் தொடக்கத்தில் நம் பக்கத்திலிருந்து போன மரைக்காயர்களும் மற்றவர்களும் எழுப்பியது. எங்கள் ஊர் ஐந்து மினாராவை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாறுவீர்கள், சின்னது. சுவரை ஒட்டிக் கடைகள். ஆனால் நான் முதல் முறை பார்த்தபோது சலாம் சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். அங்கிருந்து சில நிமிட நடையில் குயின் வீதி மகா மாரியம்மன் கோயில், 1833இல் கட்டியது. அதற்கு இரண்டு தெரு தள்ளி, செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்த பினாங்கு வீதி. கிட்டங்கி என்று உங்கள் மாமா சொன்னது அந்த வீதியாகத்தான் இருக்க வேண்டும்.

ஒரு நல்ல செய்தி. 2008இல் யுனெஸ்கோ அந்த நகரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதனால் பழைய கடைவீடுகள் நிறைய இடிபடாமல் நிற்கின்றன. பெயர்ப் பலகை மாறியிருக்கும், கட்டடம் மாறியிருக்காது. அவருக்கு அடையாளம் தெரியலாம், யார் கண்டது.

கவனம் ஒன்று: கடைகளுக்கு முன்னால் ஓடுகிற வராந்தாவை அங்கே அஞ்சடி என்பார்கள். நிழலாக இருக்கிறதே என்று அதில் நடக்கத் தோன்றும். கடைக்குக் கடை தளம் ஏறி இறங்கும், சில இடத்தில் முழங்கால் அளவு. முழங்கால்காரருக்கு அது ஆகாது. ஒரு கைத்தடியும், கூடவே ஒரு ஆளும் வேண்டும்.

குத்தாலத்து மருமகள்:

மினாராப் புறா தம்பி, படித்துக் காட்டினேன். மாமா பேசவில்லை, எழுந்துபோய்ப் பழைய பெட்டியைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். கிடைத்தது ஒரு தபால் உறை. முகவரியில் பினாங்கு வீதி என்று இருக்கிறது, எண் பாதி கிழிந்துவிட்டது.

இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும். வீட்டுக்காரருக்குக் கடாரம் பார்க்க ஆசை. கங்கைகொண்ட சோழபுரத்தைப் பார்த்ததிலிருந்து இதே பேச்சுதான். அது பினாங்குக்குப் பக்கம்தானே, அதே வேனில் போய்விடலாமா? அப்புறம் அத்தைக்குத் தண்ணீர்மலை முருகன். டிரைவரே போதுமா, வழிகாட்டியும் வேண்டுமா?

ஆனைமங்கலத்தான், கீழ்வேளூர்:

கடாரம் என்றதும் உள்ளே வந்துவிட்டேன். என் ஊர்ப் பெயரைப் பார்த்தாலே தெரியும். கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் கட்டிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் கொடுத்த ஊர் ஆனைமங்கலம்தான். அந்தச் செப்பேட்டை லெய்டனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதே கடாரத்தின் மீது 1025 வாக்கில் மகன் ராஜேந்திரன் படையெடுத்தான். அப்பன் நிலம் கொடுத்த இடத்துக்குப் பிள்ளை கப்பல் அனுப்பினான். எங்கள் ஊர் டீக்கடையில் இந்த விவகாரம் இன்னும் தீரவில்லை.

ஆனால் அரை நாளில் முடியாது, வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். கடாரத்தின் எச்சங்கள் இருக்கிற புஜாங் பள்ளத்தாக்கு தீவில் இல்லை, பாலம் தாண்டிக் கெடா மாநிலத்துக்குள் போக வேண்டும். மெர்போக் என்ற ஊரில் அருங்காட்சியகம். போக்குவரத்தோடு ஒரு வழிக்கே ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பார்ப்பதற்கு என்ன இருக்கும் என்றும் முன்பே சொல்லிவிடுகிறேன்: கோபுரம் கிடையாது. கல் அடித்தளம், தூண் நின்ற குழிகள், பீடங்கள். புக்கிட் பத்து பாகாட் என்ற கோயிலின் அடித்தளத்தைத் திரும்பக் கோத்து வைத்திருக்கிறார்கள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது, என் மனைவி இதற்கா வந்தோம் என்றாள். ஒரு தனி நாள் கிடைத்தால் போங்கள். வேனில் இதையும் நுழைத்தால் உங்கள் மாமனார் பினாங்கு வீதியைக் கார் ஜன்னல் வழியாகத்தான் பார்ப்பார்.

மினாராப் புறா, நாகூர்:

ஆனைமங்கலத்தார் சொன்னதற்கு மேல் கடாரத்துக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி. அத்தை ஏறுவார் என்றாலும் மாமா கீழே நிற்க வேண்டிவரும். அதே சாலையில் சமதளத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயில் இருக்கிறது, 1857இல் கட்டியது. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் வந்து நிற்பதும் அங்கேதான். உள்ளே இருப்பவரும் முருகன்தான். மாமனார் வீட்டுக் கணக்குக்கு அதுவே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது, கிட்டங்கிக்காரர்கள் கும்பிட்ட கோயில் அல்லவா.

அதனால் வரிசையை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். எட்டரைக்குக் கிளம்புங்கள். நம்மூரில் அப்போது மணி ஆறுதான், பெரியவர்கள் விழித்திருக்கிற நேரம். முதலில் செட்டியார் கோயில், பிறகு பர்மா சந்து, பத்து பத்தரைக்கு ஜார்ஜ் டவுன். மாரியம்மன் கோயிலில் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், அதை முதலில் முடியுங்கள். அப்புறம் தர்கா, கபித்தான் கெலிங் பள்ளிவாசல். பள்ளிவாசலில் பெண்களுக்கு அங்கி தருவார்கள். வெள்ளிக்கிழமையாக இருந்தால் தொழுகை நேரத்தில் சுற்றிப்பார்க்க விடமாட்டார்கள். கடைசியாகப் பினாங்கு வீதி, அங்கேயே வாழையிலைச் சாப்பாடு. அத்தைக்குச் சுத்த சைவக் கடை கிடைக்கும். காபிக்கு மட்டும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், கண்டென்ஸ்டு பால் போட்டு இனிப்பாகத்தான் தருவார்கள். பினாங்கு வீதி இருக்கிற அந்த லிட்டில் இந்தியாப் பகுதியில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம். டிரைவர் இறக்கிவிட்டுச் சுற்றிக்கொண்டிருப்பார், கூப்பிட்டால் வருவார். அவர் எண்ணை இரண்டு பேர் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாசியில் மழைத் தொந்தரவு குறைவு, வெயில்தான் சுடும். சீனப் புத்தாண்டு அந்த வருடம் எந்தத் தேதியில் வருகிறது என்று பார்த்துவிடுங்கள். அந்த வாரத்தில் பாதிக் கடை மூடியிருக்கும், சாலையெல்லாம் நெரிசல், ஓட்டல் விலையும் ஏறிவிடும்.

வழிகாட்டி வேண்டாம், தமிழ் பேசுகிற டிரைவர் போதும். தேடினால் கிடைப்பார்கள். வழிகாட்டியும் வருகிறார் என்று காசு கேட்டால் சுற்றுலா அமைச்சின் உரிம அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். தலைக்கு இவ்வளவு என்று பேசாதீர்கள், வண்டிக்கு எவ்வளவு என்று கேளுங்கள். நாலு மணி நேரம் உங்கள் ஓட்டல் வாசலில் தொடங்குகிறதா, அவர்கள் இடத்திலிருந்தா? நேரம் கூடினால் மணிக்கு எவ்வளவு? "கடையில் நிறுத்தக் கூடாது" என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் செய்தியே போதும்.

கடைசியாக, கோலாலம்பூரிலிருந்து விமானத்தில் வராதீர்கள். பட்டர்வொர்த் வரை ரயிலில் வாருங்கள், நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஸ்டேஷனை ஒட்டியே படகுத் துறை. அந்தப் படகில் கார் ஏறாது, ஆளும் மோட்டார் சைக்கிளும்தான், அதனால் வேன்காரரைத் தீவுப் பக்கத்துத் துறைக்கு வரச்சொல்லுங்கள். கால் மணி நேரப் பயணம். மாமாவுக்கு முன்பக்கம் பார்த்து இடம் பிடித்துக் கொடுங்கள். அவர் அந்த ஊருக்குள் கடல் வழியாகத்தானே முதலில் வந்தார்.

உறையின் படத்தை, கிழிந்த எண் தெரிகிற மாதிரி, எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். கூட வேலை பார்த்த ஒருவர் இன்னும் அங்கே இருக்கிறார், வீதியில் நடந்து பார்த்துச் சொல்லச் சொல்கிறேன்.