தடியா, பலகையா?

[இரவு 8:52]

அத்தை: (பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது)
காட்டு மரத்தை அப்படியே கப்பலேற்றும் நாடு ஏழை நாடு! அதே மரத்தை மேசை நாற்காலியாக்கி விற்கும் நாடு பணக்கார நாடு! தடி (அறுக்காத முழு மரம்) ஏற்றுமதிக்கு இன்றே தடை போட்டால் பத்தே ஆண்டில் எல்லா நாடும் வல்லரசு! பத்துப் பேருக்குப் பகிரவும் 🙏🙏

நான்: அத்தை, சரியான நேரத்தில் போட்டீர்கள். நாளை மறுநாள் வகுப்பில் இதே விஷயத்தில் எனக்கு விவாதம். காடும் மரத்தொழிலும் ஒரு நாட்டின் பொருளாதாரத்துக்கு என்ன செய்கின்றன என்பது தலைப்பு. என் அணி ‘தடி ஏற்றுமதிக்குத் தடை வேண்டும்’ பக்கம்.

தம்பி: எல்லா நாடும் வல்லரசா? பாலைவன நாடுமா?

அத்தை: வந்ததை அனுப்பினேன். என்னிடம் ஏன் கேட்கிறாய்?

பெரியப்பா: முதல் இரண்டு வரி பாதி சரி. மூன்றாவது வரிதான் ஆபத்து. இருங்கள், கண்ணாடியை எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அம்மா: போச்சு. அத்தான் பிளைவுட் ஆலையில் முப்பது வருஷம் இருந்தவர். இன்று தூங்கினாற்போலத்தான்.

பெரியப்பா: வந்துவிட்டேன். சரியான பாதியை முதலில் சொல்கிறேன். வெட்டிய பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அறுத்தால் தடியில் பாதிதான் பலகை. மற்றதெல்லாம் பட்டை, ஓரத்துண்டு, தூள். தடியாகக் கப்பலில் ஏற்றுகிறவன் தண்ணீருக்கும் தூளுக்கும் சேர்த்து வாடகை கொடுக்கிறான். காட்டுக்குப் பக்கத்திலேயே அறுத்து, உலர்த்தி அனுப்புவது புத்திசாலித்தனம். இதற்குச் சட்டம்கூட வேண்டாம், கூட்டிக் கழிக்கத் தெரிந்தால் போதும்.

நான்: அந்த மீதிப் பாதி வீணா?

பெரியப்பா: எதுவும் வீணில்லை, பக்கத்தில் வாங்க ஆள் இருந்தால். ஓரத்துண்டைச் சில்லாக்கிக் காகிதக் கூழ் ஆலையோ துகள்பலகை ஆலையோ எடுத்துக்கொள்ளும். பட்டையும் தூளும் பாய்லருக்குப் போகும். அந்த நீராவியில்தான் பலகை உலர்கிறது. கூழ் ஆலைக்குள் போன மரத்திலும் ஏறக்குறைய பாதிதான் நாராக வரும். மற்ற பாதி ரசாயனத்தோடு கரைந்து கறுப்புக் குழம்பாக வரும். அதைக் காய்ச்சி எரித்தே ஆலை ஓடுகிறது. நவீன ஆலைகள் மிஞ்சும் மின்சாரத்தை வெளியே விற்கின்றன.

பெரியப்பா: பக்கத்தில் வேறு எதுவும் இல்லாமல் அறுவை மில் மட்டும் தனியாக நின்றால், தூள்மலைக்குக் காவல் போடுவதே ஒரு செலவு. ஆலைகள் கூட்டமாக இருந்தால்தான் லாபம்.

மாமா: மச்சான், கணக்குக்காரன் என்ற முறையில் ஒரு சந்தேகம். இவ்வளவு பேசுகிறீர்கள், உலக அளவில் வனத்தொழிலில் வேலை செய்பவர்கள் சுமார் 3.3 கோடி பேர்தான் என்கிறது ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து போட்ட மதிப்பீடு. மொத்த வேலைவாய்ப்பில் ஒரு சதவீதம். இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?

பெரியப்பா: நீங்களே கணக்குக்காரர், நீங்களே சொல்லுங்கள். வேலைக் கணக்கு இருக்கட்டும், நாட்டு வருமானக் கணக்கில் எது விட்டுப்போகிறது?

மாமா: 😄 மாட்டிவிட்டீர்கள். சரி, சொல்கிறேன். காட்டை வெட்டி விற்றால் அது அந்த வருஷத்து வருமானம். நிகர உற்பத்தி போடும்போது இயந்திரத் தேய்மானத்தைக் கழிப்பார்கள்; காடு கரைந்ததைக் கழிக்கும் வழக்கம் நெடுங்காலம் இல்லை. வங்கிச் சேமிப்பை எடுத்துச் செலவழித்துவிட்டுச் சம்பளம் கூடிவிட்டது என்று சொல்வது போலத்தான். பிலிப்பைன்ஸ் 1960களில் வெப்பமண்டலத் தடி ஏற்றுமதியில் முன்வரிசையில் இருந்தது. புள்ளிவிவரத்தில் பார்க்க அழகாக இருந்திருக்கும். பிறகு மரத்தை இறக்குமதி செய்யும் நாடாகிவிட்டது.

நான்: மாமா, இது என் பேச்சுக்கு வேண்டும். எடுத்துக்கொள்கிறேன்.

தம்பி: நான் ஒன்று படித்தேன். உலகத்தில் வருஷத்துக்கு சுமார் 400 கோடி கனமீட்டர் மரம் வெட்டுகிறார்களாம். அதில் பாதி விறகு! நாம் பேசுகிற பலகை, கூழ், பிளைவுட் எல்லாம் மற்ற பாதிதான்.

பெரியப்பா: அட, பையன் படிக்கிறான்.

அம்மா: பரீட்சைக்கு மட்டும் படிக்க மாட்டான்.

[இரவு 9:20]

நான்: பெரியப்பா, மூன்றாவது வரி ஏன் ஆபத்து? தடை போட்டால் ஆலை வரும், வேலை வரும். இந்தோனேசியா அப்படித்தானே வளர்ந்தது?

பெரியப்பா: நல்ல உதாரணம் எடுத்தாய். முழுக்கதையும் சொல்கிறேன். இந்தோனேசியா 1985-இல் தடி ஏற்றுமதியை முற்றாக நிறுத்தியது. சில ஆண்டுகளிலேயே வெப்பமண்டல பிளைவுட் விற்பதில் உலகின் முதலிடம். எங்கள் ஆலையில் அதைக் கேட்டு வாய் பிளந்தோம். ஆனால் வெளியே விற்கும் வழி அடைபட்டதும் உள்நாட்டில் தடியின் விலை விழுந்தது. மலிவாகக் கிடைக்கும் பொருளை யார் அளந்து செலவழிப்பார்கள்? மூன்று தடியில் எடுக்க வேண்டிய பலகையை நான்கு தடியில் எடுத்தாலும் ஆலை லாபத்தில் ஓடியது. ஆலைகள் பெருகின. 1990களின் முடிவில், காடு சட்டப்படி கொடுக்கக்கூடிய அளவைவிட ஆலைகளின் பசி மிகப் பெரியதாகிவிட்டது. மிச்சம் எங்கிருந்து வந்திருக்கும்?

தம்பி: திருட்டு மரம்.

பெரியப்பா: அதேதான். நடுவில் தடையை எடுத்து வரி போட்டார்கள். 1998 பொருளாதார நெருக்கடியில் சர்வதேச நாணய நிதியம் சொன்னபடி வரியைக் குறைத்தார்கள். 2001-இல் மறுபடி தடை. கேட்டைத் திறந்தாலும் மூடினாலும், உள்ளே இருக்கும் ஆலைகளின் எண்ணிக்கை காட்டின் வளர்ச்சிக்குப் பொருந்தாவிட்டால் ஒன்றும் நிற்காது. அத்தையின் ஃபார்வர்டில் இல்லாத வரி அதுதான்.

அத்தை: என் ஃபார்வர்டு இல்லை அண்ணா, வந்த ஃபார்வர்டு.

நான்: அப்படியானால் தடை போட்டு உருப்பட்ட நாடே இல்லையா? என் அணி என்ன செய்யும்?

பெரியப்பா: இருக்கிறது. மத்திய ஆப்பிரிக்காவின் காபோன் 2010-இல் தடை போட்டது. ஆரம்பத்தில் அடி. அறுக்கப் போதிய ஆலை இல்லாததால் வெட்டும் அளவே சரிந்தது. பிறகு தலைநகர் லிப்ரவில் அருகே ங்கோக் என்ற இடத்தில் தனிப் பொருளாதார மண்டலம் அமைத்து, வினீர் (தடியிலிருந்து உரிக்கும் மெல்லிய மரத்தாள்), பிளைவுட் ஆலைகளை ஒரே இடத்தில் குவித்தார்கள். ஒகூமே என்று ஒரு மரம் அங்கே உண்டு. வினீர் உரிப்பதற்கென்றே பிறந்த மரம். மக்கள்தொகை குறைவு, காடு ஏராளம். நாட்டின் பெரும்பகுதி காடுதான். இது எல்லோருக்கும் வாய்க்காது.

மாமா: எதிரணி நியூசிலாந்தை எடுத்தால் என்ன சொல்வாய்? பணக்கார நாடு. வெட்டும் மரத்தில் பாதிக்கு மேல் தடியாகவே வெளியே போகிறது, பெரும்பகுதி சீனாவுக்கு.

நான்: தெரியாதே 😟 ஏன் அப்படிச் செய்கிறார்கள்?

மாமா: எல்லாம் நட்டு வளர்த்த ரேடியாட்டா பைன். முப்பது வருஷம் வரை காத்திருந்து வெட்டுகிறார்கள். நட்டவர்களில் சிறுவிவசாயிகளும் உண்டு. தடிக்கு நல்ல விலை எங்கே கிடைக்கிறதோ அங்கே விற்கிறார்கள். தடை போட்டால் அவர்களுக்குத்தான் அடி. அடுத்த முறை மரம் நடுவார்களா? ஆடு மேய்க்கப் போய்விடுவார்கள்.

பெரியப்பா: அந்தக் கடைசி வரியைக் குறித்துக்கொள் கண்ணு. தடைக்குப் பணம் கட்டுவது மரம் வளர்ப்பவன். லாபம் ஆலைக்காரனுக்கு. இயற்கைக் காடு அரசாங்கத்துடையது என்றால் அந்த நஷ்டம் கண்ணுக்குத் தெரியாது. தோட்டக் காடு என்றால் உடனே தெரியும்.

அம்மா: எனக்குப் புரிந்த வரை, ஆலை வேண்டும், ஆனால் வேலி போட்டு வளர்க்கக் கூடாது. அப்புறம் எப்படித்தான் ஆலை வரும்?

பெரியப்பா: தென் அமெரிக்காவின் உருகுவேயைப் பாருங்கள். சுமாரான மேய்ச்சல் நிலம் கிடந்த நாடு. 1987-இல் ஒரு வனச்சட்டம் கொண்டுவந்தார்கள். மண் எங்கே மரத்துக்கு ஏற்றதோ அங்கே நட்டால் வரிச்சலுகை. யூகலிப்டஸ் நட்டார்கள். முதல் பெரிய கூழ் ஆலை ஃபிரே பென்டோஸ் என்ற ஊரில் ஓட ஆரம்பித்தது 2007-இல்! நடுவில் இருபது வருஷம் தடியாகவும் சில்லாகவும் விற்றுக்கொண்டிருந்தார்கள். யாரும் அவர்களைப் பிச்சைக்காரர்கள் என்று சொல்லவில்லை. 2023-இல் மூன்றாவது ஆலை திறந்தது, வருஷத்துக்கு 21 லட்சம் டன் கூழ். இன்று ஏற்றுமதியில் முதலிடத்துக்கு மாட்டிறைச்சியோடு கூழ் போட்டி போடுகிறது.

தம்பி: முதலில் மரம், அப்புறம் ஆலை.

பெரியப்பா: ஆமாம். அத்தையின் ஃபார்வர்டில் முதலில் தடை, அப்புறம் ஆலை, மரம் தானாக முளைக்கும்.

அத்தை: 😒

மாமா: ஆனால் கூழ் ஆலையை வைத்து வேலைவாய்ப்பு என்று பேச முடியாது. கோடிக்கணக்கில் முதல், உள்ளே சில நூறு பேர். ஆட்களுக்கு வேலை வேண்டுமென்றால் மேசை நாற்காலி செய்யும் தொழில்தான். வியட்நாம் அந்த வழியில் போனது. தோட்டத்து அக்கேசியா, போதாததற்கு வெளிநாட்டு மரம், அதை வைத்து மரப்பொருள் ஏற்றுமதியில் ஆண்டுக்கு 1,000 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. தாய்லாந்திலும் மலேசியாவிலும் பால் வற்றிய ரப்பர் மரத்தை ஒருகாலத்தில் எரித்தார்கள், இப்போது நாற்காலி செய்கிறார்கள்.

பெரியப்பா: ரப்பர் மரம் வெட்டிய சில நாளில் பூஞ்சை பிடித்து நீலமாகிவிடும். மருந்தேற்றி உடனே உலர்த்தக் கற்ற பிறகுதான் அதற்கு மதிப்பு. மரத்தொழில் என்றாலே பாதி உலர்த்தும் தொழில்தான். அதைப் பற்றித் தனியாக ஒரு நாள் பேசலாம்.

அம்மா: வேண்டாம் அத்தான்.

[இரவு 9:58]

நான்: பின்லாந்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியுமா?

பெரியப்பா: சுருக்கமாகச் சொல்கிறேன். நிலத்தில் முக்கால் பங்கு காடு, அதில் பெரும்பகுதி சாதாரணக் குடும்பங்களின் சொத்து. காட்டை அழிக்கக் கூடாது என்று 1886-இலேயே சட்டம். பக்கத்து சுவீடனில் வெட்டினால் மறுபடி வளர்க்க வேண்டும் என்று 1903-இல் சட்டம். பின்லாந்தின் ஏற்றுமதியில் வனத்தொழில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் எனக்கு ஆச்சரியம் அதில்லை. மரம் வெட்டும் இயந்திரம், காகித இயந்திரம் இவற்றையே அவர்கள் உலகத்துக்கு விற்கிறார்கள். நோக்கியா தெரியுமல்லவா? 1865-இல் மரக்கூழ் ஆலையாக ஆரம்பித்தது.

தம்பி: நிஜமாகவா? அந்த நோக்கியாவா??

பெரியப்பா: அந்த நோக்கியாதான். பலகையில் கிடைத்த மதிப்பைவிட, பலகை செய்யும் அறிவில் கிடைத்த மதிப்பு பெரிது. இதை எந்தத் தடையாலும் வரவழைக்க முடியாது.

தம்பி: நார்வேயில் 2019-இல் 85 மீட்டர் உயரத்துக்கு மரத்திலேயே கட்டிடம் கட்டியிருக்கிறார்கள். படம் அனுப்பவா?

அம்மா: தூங்கு.

நான்: கடைசியாக ஒரு கேள்வி. ஆலைகள் காட்டுக்கு அதிகமாகிவிட்டன என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்? வளரும் அளவு, வெட்டும் அளவு என்று அறிக்கை வராதா?

பெரியப்பா: அறிக்கை வரும், தாமதமாக. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவைப் பார். 1990களின் இறுதியிலிருந்து ஒரு வண்டு பைன் காட்டைத் தின்றது. குளிர் குறைந்ததால் அது சாகவில்லை. லாட்ஜ்போல் என்ற பைன் வகையில் விற்கத் தகுந்ததில் பாதிக்கு மேல் போயிற்று. செத்த மரம் கெடுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று வெட்டும் அளவை உயர்த்தினார்கள். அதை வைத்து ஆலைகளும் வேகம் கூட்டின. செத்த மரம் தீர்ந்தது. 2019-இல் வரிசையாக ஆலைகள் மூடின. எல்லோருக்கும் தெரிந்தே நடந்தது.

பெரியப்பா: எங்கள் ஆலையில் என் முதல் வேலை கேட்டில் நின்று தடியின் சுற்றளவை டேப்பால் அளப்பது. சேர்ந்த புதிதில் ஒரு தடியைக் கட்டிப்பிடிக்க இரண்டு பேர் வேண்டும். பத்துப் பதினைந்து வருஷத்தில் நான் ஒருவனே கட்டிப்பிடிக்கலாம் என்றானது. கடைசியில் என் தொடைக்கனம். பழைய பீலிங் லேத்தில் தடி சுழலச் சுழல வினீர் உரியும், நடுவில் ஓர் உருளை மிஞ்சும். அதற்கு மேல் உரிக்க முடியாது. தடி மெலிய மெலிய அந்த மிச்சத்தின் பங்குதான் கூடிற்று. ஒல்லித் தடியையும் உரிக்கும் ஸ்பிண்டில் (தடியை நடுவில் பிடிக்கும் அச்சு) இல்லாத லேத் வந்துகொண்டிருந்தது, தோட்ட மரத்துக்கு மாறியிருக்கலாம். முதலாளி என்ன செய்தார் தெரியுமா? வினீரை ஒட்டி அழுத்தும் பிரஸ் இன்னொன்று வாங்கினார். கடனில்.

மாமா: ஏன்?

பெரியப்பா: ஒரு தடியில் கிடைப்பது குறைந்தால் தடிகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும் என்று அவர் கணக்கு. கடனைக் கட்ட மூன்று ஷிப்ட் ஓட்டினோம். நாலரை வருஷம். அப்புறம் கேட்டில் அளக்க எதுவும் வரவில்லை.

அம்மா: இதை நீங்கள் இதுவரை சொன்னதே இல்லை அத்தான்.

பெரியப்பா: யார் கேட்டார்கள்?

நான்: பெரியப்பா, அந்த டேப் கதையை விவாதத்தில் சொல்லலாமா? ஆலையின் பெயர் சொல்ல மாட்டேன்.

பெரியப்பா: சொல். தடை வேண்டும் என்றே பேசு, உன் அணியை விட்டுக்கொடுக்காதே. ஆனால் தடையோடு சேர்த்து, ஆலைக்கு உரிமம் கொடுக்கும் முன் காட்டின் ஆண்டு வளர்ச்சியை அளந்தாயா என்று கேள். எதிரணிக்கும் பதில் இருக்காது, உன் அணிக்கும் இருக்காது.

[இரவு 10:31]

அத்தை: அண்ணா, நான் அதை வேறு நான்கு குழுவிலும் போட்டுவிட்டேன். எல்லாவற்றிலும் அழித்துவிடவா?

பெரியப்பா: அழிக்க வேண்டாம். மூன்றாவது வரியை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி போடு.

அத்தை: அந்த வரிக்குத்தான் எல்லோரும் கைதட்டியிருக்கிறார்கள்.